எடை பார்க்காமல் ஊசி போடாத கிளினிக்

வாசலிலேயே தராசு. தரையோடு தரையாகக் கிடக்கும் இரும்புத் தட்டு, சுவரில் சிவப்பு எண் ஓடும் சின்னப் பெட்டி. மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனில் ரயில் நிலையத்துக்குப் போகிற பக்கம் இருக்கும் இந்தக் கால்நடை கிளினிக்கில் எந்த மிருகமாக இருந்தாலும் முதலில் அதில் ஏறி நின்றாக வேண்டும். என் கிடா ஏற மறுத்தது, ஏறியதும் புழுக்கை போட்டது, கவுண்டரில் இருந்த மலாய்ப் பையனின் சட்டைப் பொத்தானைக் கடித்து இழுத்தது. கடைசியில் 38 கிலோ காட்டியது. அந்த 38-ஐ அட்டையில் எழுதிய பிறகுதான் ‘என்ன செய்யுது?’ என்ற கேள்வியே வந்தது.

கிளினிக்கின் பெயரைப் போடவில்லை. ‘விளம்பரம் மாதிரி ஆயிடும், வேண்டாம் அங்கிள்’ என்று டாக்டரே சொல்லிவிட்டார். டவுனில் ஆடு வளர்க்கிற யாரைக் கேட்டாலும் ‘அந்தத் தராசு கிளினிக்கா?’ என்று வழி காட்டுவார்கள்.

நான் 31 வருடம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர், அதாவது மருத்துவ உதவியாளர். பால்மரக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்து செம்பனைக் காலத்தில் ஓய்வு பெற்றவன். இப்போது மச்சானுடைய அரை ஏக்கரில் 9 ஆடுகள், ஜம்னாபாரிக் கலப்பு. மருந்து விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற திமிரோடுதான் உள்ளே போனேன். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கிடா இருமத் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. முனியாண்டி கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா. ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை பூசை. அதற்குள் தேறிவிட வேண்டுமே என்று வேறொரு கடையில் பென்சிலின் வாங்கி நானே 3 நாள் போட்டுப் பார்த்தேன். தோட்டத்தில் எத்தனை பேரின் நெஞ்சுச் சளியை பென்சிலினால் விரட்டியிருக்கிறேன்! கிடாவிடம் அந்தப் பருப்பு வேகவில்லை. மூக்கு ஒழுகியது, தழையைப் பார்த்தால் முகத்தைத் திருப்பியது.

டாக்டர் முப்பது வயதுகூட ஆகாத தமிழ்ப் பிள்ளை, செர்டாங் பல்கலைக்கழகத்தில் படித்தவர். நெஞ்சில் குழாயை வைத்து இரண்டு பக்கமும் பொறுமையாகக் கேட்டார். காய்ச்சல் பார்த்தார். மூக்குச் சளியைப் பஞ்சுக் குச்சியில் எடுத்து, ஈப்போவில் இருக்கும் கால்நடை ஆராய்ச்சிக் கழகத்துக்கு அனுப்ப வைத்துக்கொண்டார். நான் பென்சிலின் கதையைச் சொன்னதும் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

“பென்சிலின் கிருமியோட சுவரை உடைக்கிற மருந்து அங்கிள். மைக்கோபிளாஸ்மாங்கற கிருமியா இருந்தா அதுக்குச் சுவரே கிடையாது. இல்லாத சுவரை எப்படி உடைக்கும்?”

31 வருடம் ஊசி போட்டவனுக்கு இந்த ஒரு வரி போதும். வாயை மூடிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து ஈப்போவிலிருந்து வந்த முடிவும் மைக்கோபிளாஸ்மாதான்.

அவர் எடுத்த மருந்து டைலோசின். மேக்ரோலைட் குடும்பம். எனக்கு அந்தக் குடும்பத்தில் பழக்கமானவர் எரித்ரோமைசின்தான். தோட்டத்தில் பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதைத்தான் கொடுப்போம். பாதிப் பேர் வயிற்றைப் புரட்டுகிறது என்று மறுநாளே திரும்பி வருவார்கள். அது குடலைப் போட்டு முறுக்கும் மருந்து, அதன் குணமே அப்படி. பெரிய வளையம் போன்ற மூலக்கூறு என்பதால்தான் மேக்ரோலைட் என்ற பெயர். எரித்ரோமைசினின் வளையத்தில் 14 அணுக்கள், டைலோசினில் 16. எரித்ரோமைசின் கிடைத்தது பிலிப்பைன்ஸின் இலோய்லோ மண்ணில். அபெலார்டோ அகிலார் என்ற டாக்டர் 1949-ல் அமெரிக்கக் கம்பெனிக்கு அனுப்பிவைத்த மண் அது. மருந்து 1952-ல் வெளிவந்தது. டைலோசினுக்கான கிருமி தாய்லாந்து மண்ணில் கிடைத்தது. ஒன்று கடல் தாண்டினால், இன்னொன்று எல்லை தாண்டினால். நம் லயத்து மண்ணிலும் யாராவது ஒரு கை அள்ளிப் பார்த்திருக்கலாம்!

மருந்து எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். டிரெஸ்ஸர் கேட்கிறான் என்பதற்காக டாக்டர் புத்தகத்தைத் திறக்கவில்லை. “இடியாப்ப உரல் தெரியுமில்ல அங்கிள்? கிருமி உள்ள புரதம் அப்படித்தான் நூல் நூலா ஒரு துவாரம் வழியா வெளிய வரும். இந்த மருந்து போய் அந்தத் துவாரத்துல உக்காந்துக்கும். மாவு இருக்கும், கை அழுத்தும், இடியாப்பம் வராது.” கிருமி அதனால் உடனே செத்துவிடுவதில்லை, பெருக முடியாமல் முடங்கிக் கிடக்கிறது, மீதியை ஆட்டின் உடம்பே பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் ஒரு நாள் போட்டு இருமல் குறைந்தது என்று நிறுத்தக் கூடாது. துவாரத்தின் வடிவத்தையே கொஞ்சம் மாற்றிக்கொள்ளும் கிருமிகளும் உண்டாம். அப்படி மாற்றிக்கொண்டால் இந்த ஒரு மருந்தோடு நிற்காது. லின்கோமைசின் மாதிரி பக்கத்து வீட்டு மருந்துகளும் சேர்ந்து செல்லாமல் போகும்.

கிலோவுக்கு 10 மில்லிகிராம், 38 கிலோவுக்கு 380. புட்டியில் ஒரு மில்லிக்கு 200 மில்லிகிராம். ஆக 1.9 மில்லி, நாளுக்கு ஒரு முறை, 3 நாள், தசையில். இது என் கிடாவின் கணக்கு. உங்கள் ஆட்டுக்கு இதைப் பார்த்துப் போட்டுவிடாதீர்கள். நான் கண்ணால் பார்த்து 45 கிலோ இருக்கும் என்று மனதில் வைத்திருந்தேன். தராசு 7 கிலோ குறைத்துச் சொன்னது. 31 வருட அனுபவம்!

இனிமேல்தான் முக்கியமான விஷயம். செம்பனைக்குள் மாடு மேய்க்கிறவர்கள் ஒரு ‘ஒரே ஊசி’ மருந்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். தோட்டம் முழுக்கச் சுற்றித் திரியும் மாட்டை ஒரு தடவை பிடிப்பதே பெரும்பாடு, 3 நாள் யார் பிடிப்பது? அந்த ஒரே ஊசி மருந்து டில்மிகோசின். நானும் அதைக் கேட்டேன். “மூணு நாள் இந்தக் கொம்போட மல்லுக்கட்ட முடியாது டாக்டர், அந்த ஒரே ஊசியைக் குடுத்துடுங்க” என்றேன்.

டாக்டர் அலமாரியைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. “ஆட்டுக்கு அந்த ஊசி எமன், அங்கிள். உங்களுக்கும்தான்.”

மாட்டுக்குத் தோலுக்கடியில் போட்டால் நுரையீரல் நோய்க்கு நல்ல மருந்து. அதே ஊசி ஆட்டுக்கும் பன்றிக்கும் குதிரைக்கும் இதயத்தைப் பிடிக்கும்; கால்சியம் உள்ளே போகிற வழியை அடைத்து, துடிப்பின் பலத்தைக் குறைத்துவிடும். மனுஷனுக்கும் அதே கதி. மாட்டுக்குப் போடும்போது மாடு உதறி, ஊசி தன் உடம்பில் ஏறி வெளிநாட்டில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். அதற்கு முறிவு மருந்து கிடையாது. ஆள் சரிந்தால் அட்ரினலின் எடுக்க என் கை தானாகப் போகும், தோட்டத்தில் அப்படித்தான் பழக்கம். பன்றிகளில் செய்த சோதனையில் அட்ரினலின் சாவை அதிகமாக்கியது என்று டாக்டர் சொன்னபோது என் உள்ளங்கை வேர்த்தது. இத்தனை வருடத்தில் என் விரலில் ஊசி குத்தியது எத்தனை தடவை என்று கணக்கே கிடையாது. இந்தக் கிளினிக்கில் அந்தப் புட்டியை யாருக்கும் கையில் கொடுப்பதில்லை. மாட்டுக்குத் தேவைப்பட்டால் டாக்டரே வந்து போடுகிறார், மாட்டை அடைத்துக் கட்டிவைத்திருந்தால் மட்டும். அவிழ்த்துவிட்ட மாடு என்றால் வண்டியைத் திருப்பிவிடுவாராம். தோட்டத்து மாட்டுக்காரர்கள் இதற்காக அவரைத் திட்டுவதை நானே கோப்பிக் கடையில் கேட்டிருக்கிறேன்.

ஒரே ஊசியில் இன்னொன்றும் இருக்கிறது, டுலாத்ரோமைசின். மாட்டின் நுரையீரலில் அது பாதியாகக் குறையவே சுமார் 8 நாள் ஆகும். அதைக் கேட்டதற்கு, “லேபிள்ல ஆடு இல்ல. டைலோசின் கேக்காம போனா அப்புறம் யோசிக்கலாம். இப்பவே பெரிய துப்பாக்கி எதுக்கு?” என்றார். விலையும் அதிகம். கூடுதல் விலை மருந்தைக் கேட்டு வந்தவனுக்கு மலிவானதைக் கொடுத்து அனுப்பும் கடை நம் டவுனில் எத்தனை இருக்கிறது?

முதல் ஊசி ஜூன் 20, கடைசி ஊசி ஜூன் 22. இடது கழுத்து, வலது கழுத்து, மறுபடி இடது. முதல் ஊசியை டாக்டர் போட்டார். மற்ற இரண்டையும் அளந்து, மூடி போட்டு, நாளை எழுதி என்னிடம் கொடுத்தார். டிரெஸ்ஸர் என்பதால் கிடைத்த சலுகை. இரண்டாம் நாள் மாலையே கிடா பலா இலையைத் தின்றது.

வீட்டில் சண்டை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். அட்டையின் அடியில் டாக்டர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘இறைச்சி 42 நாள்’. ஜூன் 22-லிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 3. பூசையோ ஜூலை 27. மச்சான் விரலை மடக்கி எண்ணிவிட்டு, “ஒரு வாரம்தானே மாமா, சாமிக்குத் தெரியாதா?” என்றார். எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. ரத்தத்திலிருந்து சில மணி நேரத்தில் குறைந்துவிடுகிற மருந்து, அதனால்தானே தினம் போடுகிறோம்? அப்புறம் ஏன் 42 நாள்? மறுநாள் ஆடு இல்லாமல் நான் மட்டும் மோட்டாரில் போய் டாக்டரிடம் கேட்டேன்.

கிளினிக்கில் கூட்டம். இருந்தாலும் உட்கார வைத்துச் சொன்னார். ரத்தத்தில் குறைகிறது என்றால் உடம்பை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தமில்லையாம். இந்தக் குடும்பத்து மருந்துகள் கொழுப்பில் கரையும், காரத்தன்மை உள்ளவை. திசுவுக்குள் சுலபமாக நுழையும். செல்லுக்குள் புளிப்பான அறைகள் உண்டு. அங்கே போனதும் மருந்துக்கு மின்னூட்டம் ஏறிவிடும், வந்த வழியில் திரும்ப முடியாது. ஆற்றில் மூங்கில் ‘புபு’ வைத்து மீன் பிடிப்போமே, அந்தக் கூட்டுக்குள் மீன் போவது மாதிரி. நுரையீரலில் மருந்து நன்றாகச் சேர்வது இதனால்தான். ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேர்வதும் இதே காரணத்தால். எல்லாவற்றையும்விட ஊசி குத்தின இடத்துத் தசையில்தான் நாள்பட்டு நிற்கும்.

“ஊசி போட்ட கழுத்துக் கறி யாரோட இலைக்குப் போகும்னு சொல்லுங்க அங்கிள்?” என்றார்.

கோயிலில் கழுத்துக் கறி யாருக்கென்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். பூசாரிக்கு.

பூசாரியிடமே போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிவிட்டு, “ஆடி முடிய ஆகஸ்ட் நடு வரைக்கும் நாள் இருக்கே டிரெஸ்ஸரையா, தனிப் படையலா வச்சுக்கலாம்” என்றார். ஆகஸ்ட் 10, ஞாயிறு. ஊர்ப் பூசையில் எங்கள் குடும்பம் வாழைப்பழத் தட்டோடு நின்றது. மச்சான் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

42 நாள் விவரம் கேட்கப் போன அன்றைக்குக் கிளினிக்கில் எனக்கு முன்னால் நின்றவர் பால்காரர் ஒருவர். மாட்டுக்கு மடிநோய். டைலோசின் போட்டால் பால் எத்தனை நாள் ஊற்றக் கூடாது என்பதுதான் வாக்குவாதம். லேபிளில் 108 மணி நேரம், நாலரை நாள். பால் ரத்தத்தைவிடக் கொஞ்சம் புளிப்பு என்பதால் இந்த மருந்து பாலில் போய்க் குவிகிறது, அதே புபு கதை. மடிக்கு நல்லதாக இருப்பதே குடிக்கிறவனுக்குக் கெடுதல். பால்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, காய்ச்சினால் போய்விடும் என்றார். அப்போது பெஞ்சில் பூனைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, யாரும் கேட்காமலே, “அதான் உங்க பாலு ரெண்டு வாட்டி தயிராவே தோயலையா?” என்றாரே பார்க்கலாம்! காய்ச்சி ஆறவைத்து உறை ஊற்றியும் தோயவில்லையாம். உறைக் கிருமியும் கிருமிதானே, மருந்து அதையும் முடக்கிவிடும். பால்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கிப் பையில் வைத்தார்.

என் சொந்தக் கணக்கு ஒன்று அங்கே தீர்ந்தது. 1994-ல் என் மகன் லயத்து வீட்டில் ஒரு முயல் வளர்த்தான், பெயர் பஞ்சு. மூக்கு ஒழுகுகிறது என்று அழுதான். ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் எரித்ரோமைசின் மருந்துத் தண்ணீரைச் சொட்டுக் கணக்கில் நானே வாயில் விட்டேன். மூன்றாம் நாள் பேதி. நாலாம் நாள் விடிவதற்குள் விறைத்துக் கிடந்தது. சளி முற்றிச் செத்தது என்று மகனிடம் சொன்னேன். நானும் அப்படித்தான் நம்பினேன். டாக்டரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை இந்த மருந்து அழித்துவிடும், பிறகு விஷக் கிருமி தலையெடுக்கும். குதிரையும் அப்படித்தானாம். குட்டிக் குதிரையின் நுரையீரல் நோய்க்கு எரித்ரோமைசினை ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுப்பதுண்டு. குட்டிக்குக் கொடுத்த மருந்து தாயின் வயிற்றுக்குள் கொஞ்சம் போனாலும் தாய்க்குக் குடல் வெந்து சாகும் அளவுக்குப் பேதி பிடிக்கலாம். அன்று இரவு சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டேன். “விடுங்கப்பா, அது பேரே எனக்கு ஞாபகம் இல்ல” என்றான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். போனை எடுக்க மாட்டார்கள். ஐந்து தடவை அடித்தால் ஒரு தடவை அந்தக் கவுண்டர்ப் பையன் எடுத்து ‘டாக்டர் வெளியே’ என்பான். முதல் தடவை நான் கிடாவை வேனில் ஏற்றிக்கொண்டு போன நாளில் டாக்டர் உண்மையிலேயே வெளியே போயிருந்தார், அதைப் போனில் சொல்ல ஆளில்லை. வேன் வாடகை 30 வெள்ளி (ரிங்கிட்) தண்டம். டாக்டர் இல்லாமல் பையன் மருந்து எடுத்துக் கொடுக்க மாட்டான். ஆண்டிபயாட்டிக் எல்லாம் 1952-ஆம் வருட விஷச் சட்டத்துக்குள் வருகிறது; மிருகத்துக்கு என்றால் மிருக வைத்தியர்தான் கொடுக்க வேண்டும். எரித்ரோமைசின் வந்த அதே வருடத்துச் சட்டம்! பையன் செய்தது சரிதான், ஆனாலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. உட்கார இரண்டே பெஞ்சு. ஆட்டுக்காரனும் நாய்க்காரனும் ஒரே பெஞ்சில் என்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மருந்து அட்டை மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும். நான் கேட்ட பிறகுதான் டாக்டர் தமிழில் எழுதிக் கொடுத்தார், ‘ஊசி’யைக் குறில் உ போட்டு. நான் திருத்தவில்லை. இப்போது கவுண்டரில் தமிழ் அட்டையும் இருக்கிறது, அதிலும் அதே குறில்.

செலவு: பார்த்த கூலி, ஊசிகள், சளி எடுத்தது எல்லாம் சேர்த்து 95 வெள்ளி. கைக்காசுதான், கார்டு செல்லாது. என் மைத்துனி வேறொரு கடையில் கோழிச் சளிக்கு 8 வெள்ளிக்கு டைலோசின் தூள் வாங்கி வந்தார். பிளாஸ்டிக் பையில் முடிந்து கொடுத்திருக்கிறார்கள், மேலே ஒரு எழுத்து இல்லை. எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு, முட்டையைத் தின்னலாமா, எத்தனை நாள், ஒன்றும் தெரியாது. தூளோ படு கசப்பு. கோழிகள் ஒரு வாய் குடித்துவிட்டுச் சாக்கடைத் தண்ணீருக்கு ஓடின. அந்தப் பையைத்தான் பிறகு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். தூளை வாங்கி வைத்துக்கொண்டு, கோழி எத்தனை, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று கேட்டு வேறு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். கோழியை மட்டும் தராசில் ஏற்றவில்லை. கூடையோடு நிறுத்து, கூடையின் எடையைக் கழித்தார்.

ஆகஸ்ட் 10 அன்று கிடா நல்ல கனத்தில் போனது. பூசாரிக்கு வழக்கம்போலக் கழுத்துக் கறி. மச்சான் இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அந்த டாக்டரின் போன் நம்பரைக் கேட்டார். அவர் மாடு இருமுகிறதாம்.

போகிறவர்கள் வண்டியைப் பின் சந்தில் நிறுத்துங்கள். முன்னால் மஞ்சள் கோடு போட்டிருக்கிறது. ஆட்டை இறக்குகிற நேரத்தில் சம்மன் எழுதிவிடுவார்கள்.